கசெட் உறையில் பெயர் இல்லாத பிள்ளைகள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய இசைத்தட்டுகளுக்கு வெளிநாடுகளில் கிடைக்கும் விலையைப் பற்றி இரண்டு வாரங்களுக்கு முன் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். எழுதியவர் உழைத்து எழுதியிருக்கிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால், 1960களிலும் 1970களிலும் அமெரிக்கக் கறுப்பினச் சிறுவர் சிறுமியர் பாடிய சோல், ஃபங்க் இசைத்தட்டுகளைக் குறிப்பிடும் இடத்தில், அவை வேடிக்கைக்காக வாங்கப்படுபவை என்றும் அரிதாக இருப்பதைத் தவிர அவற்றுக்கு வேறு பெறுமதி இல்லை என்றும் இரண்டே வரியில் கடந்து போயிருக்கிறார். இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளின் பாடசாலைகளில் 31 ஆண்டுகள் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த இரண்டு வரிகளையும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. அந்த இசைத்தட்டுகளின் கதை நம் தோட்டப் பிள்ளைகளோடு நேரடியாகத் தொடர்புள்ளது என்று நான் நம்புவதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

சோல் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து 1950களில் பிரிந்து வந்த இசை. ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் மறுகுரல் கொடுப்பது அதன் அடிப்படை; கும்மி பாடி வளர்ந்த எவருக்கும் அது அந்நியமாக இராது. ஃபங்க் அதன் பின்னர், 1960களின் நடுப்பகுதியில், ஜேம்ஸ் பிரவுன் என்ற பாடகரின் குழுவில் உருப்பெற்றது. நான்கு அடிகொண்ட தாளத்தில் முதல் அடியின்மேல் முழுப் பாரத்தையும் வைத்து, கிட்டார், பேஸ் கிட்டார், ஊதுகருவிகள் அனைத்தையும் பறைபோலவே வாசிக்க வைப்பது அதன் இயல்பு. மெட்டு பின்னால் நிற்கும், தாளமே பேசும். நம் தோட்டங்களின் காமன் கூத்தில் இரவு முழுவதும் தப்புப் பறை அடிக்கக் கேட்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த இசைக்குள் பிள்ளைகள் வந்தது தற்செயலன்று. தேவாலயத்தில் பிள்ளைகளும் பெரியவர்களோடு சேர்ந்தே பாடினார்கள். நம் பஜனை மடங்களில் நடப்பதைப் போலத்தான். 1956இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஃபிராங்கி லைமன் தன் தோழர்களோடு பாடிய முதல் இசைத்தட்டு நாடெங்கும் ஒலித்தபோது அவனுக்கு வயது 13. கண்பார்வையற்ற ஸ்டீவி வொண்டர் 1962இல் சிக்காகோ அரங்கொன்றில் பாடி, மவுத் ஓர்கன் வாசித்த நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு அடுத்த ஆண்டு இசைத்தட்டாக வந்து அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பாடியபோது வயது 12, முதலிடம் பிடித்தபோது 13. அந்தப் பாட்டு ஒரு பக்கத்தில் அடங்காத நீளமுடையது என்பதால் அதை இரண்டாக வெட்டித் தட்டின் இரு பக்கங்களிலும் போட்டார்கள். ஏழு அங்குல விட்டமும் நிமிடத்துக்கு 45 சுற்றும் கொண்ட அந்தச் சிறு தட்டு 1949இல் அறிமுகமானது. வழக்கமாக ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களே இருக்கும். கையில் கொஞ்சப் பணம் சேர்த்த ஒரு சாதாரணக் குடும்பம் தன் பிள்ளைகளின் குரலைப் பதிந்து வெளியிட எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருந்த ஒரே வடிவம் அதுதான். நான் இங்கு சொல்ல வந்த இசைத்தட்டுகள் எல்லாம் அந்த வடிவத்தில் பிறந்தவையே.

ஜாக்சன் ஃபைவ் குழுவின் தொடக்கத்தைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும். பிற்காலத்துப் புகழ் அந்தத் தொடக்கத்தை மறைத்துவிட்டது. இந்தியானா மாநிலத்தின் கேரி என்ற எஃகு ஆலை நகரத்தில், இரண்டே படுக்கையறை கொண்ட சிறு வீட்டில், தாய் தந்தையோடு ஒன்பது பிள்ளைகள் வளர்ந்தார்கள். தந்தை எஃகு ஆலையில் பாரந்தூக்கி இயக்கும் தொழிலாளி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பும் நம் லயங்களை, தோட்டத் தொழிலாளரின் அந்த வரிசை வீடுகளை, அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் இரவுகளைக் கற்பனை செய்வது கடினமன்று. அந்தப் பிள்ளைகளின் முதல் இசைத்தட்டு 1968 ஜனவரியில் வந்தது. அதை வெளியிட்ட ஸ்டீல்டவுன் என்ற சிறு நிறுவனத்தை நடத்தியவர்களில் முக்கியமானவரும் ஆலைத் தொழிலாளியே. மைக்கேலுக்கு அப்போது ஒன்பது வயது. மறு ஆண்டு மோடவுன் என்ற பெரிய நிறுவனம் அவர்களை எடுத்துக்கொண்டது. அங்கு அவர்கள் வெளியிட்ட முதல் நான்கு பாட்டுகளும் 1970ஆம் ஆண்டு முடிவதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக முதலிடத்துக்கு வந்தன.

அதற்குப் பிறகு நடந்ததே நமக்கு முக்கியம். அமெரிக்காவின் ஆலை நகரங்களிலெல்லாம் தந்தைமாரும் மாமன்மாரும் பாடசாலை ஆசிரியர்களும் தங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கு முன்பே சிக்காகோவில் ஒரு பொலிஸ் துப்பறிவாளரின் ஐந்து பிள்ளைகள் ஃபைவ் ஸ்டெயர்ஸ்டெப்ஸ் என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தார்கள். 1973இல் ஃபொஸ்டர் சில்வர்ஸ் என்ற பதினொரு வயதுச் சிறுவன் நாடறிந்த பாடகனானான். பெயர் நிலைத்தவர்கள் இப்படிச் சிலரே. மற்றவர்கள் ஒரே ஒரு தட்டோடு நின்றவர்கள். தந்தை மேலதிக வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தைச் சில மணித்தியாலங்களுக்கு வாடகைக்கு எடுத்து, ஐந்நூறோ ஆயிரமோ தட்டுகள் அச்சிட்டு, பாடசாலை விழாவிலும் தேவாலய வாசலிலும் சிகையலங்காரக் கடையிலும் விற்றார்கள். உள்ளூர் வானொலியில் ஒரு வாரம் ஒலித்திருக்கலாம், அதோடு முடிந்தது. அடுத்த தட்டுக்குப் பணம் சேருவதற்குள் பையனின் குரல் உடைந்துவிடும். அக்கா மணமுடித்துப் போய்விடுவாள். ஆலை மூடப்பட்டுக் குடும்பம் வேறு நகரத்துக்குப் பெயரும். விற்காத தட்டுகள் நிலவறையில் கிடந்து ஈரத்தில் வளைந்து குப்பைக்குப் போயின.

ஆகவே, இவை அரிதானதற்குக் காரணம் வறுமையும் குழந்தைப் பருவத்தின் குறுகிய காலமுமே. இன்று ஓர் இசைத்தட்டுக்கு ஆயிரக்கணக்கான பவுண் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் சரியாகவே எழுதியிருக்கிறார். 2009இல் மோடவுனின் பழைய தட்டொன்று 25,000 பவுணுக்கு மேல் விற்கப்பட்டது. அது பெரியவர் ஒருவர் பாடியது. ஆனால் விலை என்பது அந்தத் தட்டு இன்று யார் கையில் இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பாடிய பிள்ளை யார், எங்கே, என்ன ஆனாள் என்று அது சொல்லாது.

அதைத் தேடிச் சொன்னவர்கள் வேறு சிலர். சிக்காகோவில் இயங்கும் நியூமேரோ குரூப் என்ற நிறுவனம் மறக்கப்பட்ட சோல் இசையைத் தேடி மறுபதிப்பாக்கும் வேலையை 2003 முதல் செய்து வருகிறது. 2007இல் இத்தகைய சிறுவர் பாட்டுகளை மட்டும் திரட்டி ஒரே தொகுப்பாக வெளியிட்டது. இப்படித் தேடுபவர்களுக்கு முதற் சான்று தட்டின் நடுவே ஒட்டிய வட்டத் தாள்தான். அதில் அச்சான குடும்பப் பெயரையும் ஊரையும் வைத்துத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பெயருள்ளவர்களை ஒவ்வொருவராக அழைத்து, நடுவயதைத் தாண்டியிருக்கும் அந்தப் பழைய பிள்ளைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். புகைப்படமும் நினைவும் கேட்டு வாங்க வேண்டும். உரிமைப் பத்திரம் எழுத வேண்டும். வெறும் வேடிக்கைக்காக இவ்வளவு உழைப்பை எவரும் செலவிட மாட்டார்கள்.

அந்தத் தொகுப்பைக் கொழும்பில் வேலை செய்யும் என் பேரன் சென்ற டிசம்பரில் எனக்குப் போட்டுக் காட்டினான். ஆங்கிலச் சொற்கள் பாதிக்குமேல் எனக்குப் பிடிபடவில்லை. ஆயினும் சங்கீத ஆசிரியையின் காது சொல்வதைச் சொல்லலாம். பின்னணியில் பேஸ் கிட்டாரும் பறையும் பெரியவர்களுக்கு வாசிப்பதைப் போலவே, எந்தச் சலுகையும் இன்றி வாசிக்கின்றன. அதன்மேல் ஏறும் பிள்ளைக் குரல் சில இடங்களில் சுருதிக்கு ஒரு மயிரிழை மேலே போகிறது, வரியின் முடிவில் மூச்சுக்குத் தவிக்கிறது, அடுத்த வரியை அவசரப்பட்டு முன்னதாகவே தொடங்குகிறது. இவை பிழைகள்தாம், பரீட்சை மண்டபத்தில் புள்ளி குறைத்திருப்பேன். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை தன் முழுப் பலத்தையும் கொடுத்துப் பாடும்போது நெஞ்சு எவ்வளவு விரியும் என்பதை அந்த மூச்சுத் தவிப்பு ஒன்றுதான் காட்டுகிறது. அதைத் திருத்தாமல் விட்ட ஒலிப்பதிவாளருக்கு நான் நன்றி சொல்கிறேன், பணம் போதாததால்தான் மறுபடி பதியவில்லை என்றாலும்கூட.

நம் தமிழ்த் திரையிசையில் இந்தக் குரல் ஏறக்குறைய இல்லவே இல்லை. நாம் வானொலியில் கேட்டு உருகிய பிள்ளைப் பாட்டுகளில் மிகப் பல எம். எஸ். ராஜேஸ்வரி அம்மையார் பாடியவை. 1960இல் வெளிவந்த ‘களத்தூர் கண்ணம்மா’வில் சிறுவன் கமல்ஹாசனுக்குப் பாடியவரும் அவரே. அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்ல நான் யார்? மழலையை அத்தனை நுட்பமாகக் குரலில் கொண்டுவந்தவர் வேறொருவர் இல்லை. எனினும் அது பெரியவர் ஒருவர் பிள்ளையைக் கவனித்து உருவாக்கிய குரல். பிள்ளை தானே பாடும்போது மழலை காட்டுவதில்லை. பெரியவரைப் போலப் பாடவே முயலும். அந்த முயற்சியின் அழகு அந்த அமெரிக்கத் தட்டுகளில் இருக்கிறது. என் வகுப்பறைகளிலும் இருந்தது.

ஆசிரியர் தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒருவரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், கறுப்பினப் பிள்ளைகள் படித்த கஷ்மியர் உயர்நிலைப் பாடசாலையின் இசையாசிரியராக இருந்தவர் கொன்றாட் ஜோன்சன். 1967இல் ஓட்டிஸ் ரெடிங் என்ற சோல் பாடகரின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தவர், பாடசாலை வாத்தியக் குழுக்கள் வழக்கமாக வாசித்த பழைய உருப்படிகளை விட்டு, பிள்ளைகள் வீட்டில் கேட்கும் ஃபங்க் இசையையே வாசிக்கப் பழக்கினார். சொந்தமாகவும் இசை எழுதிக் கொடுத்தார். போட்டிக்குப் போன இடமெல்லாம் அந்தப் பிள்ளைகள் பரிசு வாங்கினார்கள். 1978இல் ஓய்வு பெறும்வரை அவர் அந்தக் குழுவின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டுக்கொண்டே இருந்தார். அவ்வாறு பதிந்து வைத்திராவிட்டால் அந்தக் குழு ஒரு பாடசாலையின் பழைய பெருமையாக, பத்துப் பதினைந்து வருடத்தில் மறந்துபோயிருக்கும். பதிந்து வைத்ததனால் 2006இல் அந்த ஒலிப்பதிவுகள் தொகுக்கப்பட்டு உலகெங்கும் போயின. 2008 பெப்ரவரியில், பழைய மாணவர்கள் அவர் முன்னிலையில் மறுபடியும் ஒன்றுகூடி வாசித்த இரண்டொரு நாட்களில், தமது 92ஆவது வயதில் அவர் காலமானார். இதை எழுதும்போதும் என் கை சற்று நின்றே எழுதுகிறது.

இந்தக் கதையில் கசப்பான பக்கமும் உண்டு. மேலே நான் சொன்ன ஃபிராங்கி லைமன் 25 வயதில் போதைப் பழக்கத்தால் இறந்தான். அவன் முதல் தட்டில் பாடிய பாட்டை எழுதியவர்கள் யார் என்ற வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. அவனோடு பாடிய தோழர்கள் இருவருக்கே அந்த உரிமை சேரும் என்று 1992இல் தீர்ப்பானது. ஆனால் 1996இல் மேல்நீதிமன்றம், வழக்கிடுவதற்கான காலம் கடந்துவிட்டது என்று கூறி அத்தீர்ப்பை மாற்றியது. பாட்டைப் பதிந்தபோது அவர்களும் விடலைகளே. வயது குறைந்தவர்களுக்காகக் கையொப்பமிட்டது பெரியவர்கள். பணம் போனதும் பெரியவர்களிடம். பிள்ளைகளின் பாட்டைக் கொண்டாடும் எவரும் இதை மறைத்துப் பேசலாகாது. பெயரையும் திகதியையும் அன்றைக்கே எழுதி வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எனக்கு உணர்த்தியது இந்த வழக்குத்தான்.

இப்போது நம் மலைநாட்டுக்கு வருகிறேன்.

நம் பிள்ளைகளுக்கு இசைத்தட்டு எட்டாக்கனி. கொழும்பு வானொலி நிலையத்தின் சிறுவர் நிகழ்ச்சியில் பாடுவதென்றால் அதிகாலையில் அட்டன் நிலையத்தில் ரயிலேற வேண்டும். பெரட்டுக்கு, அதாவது காலை வேலைப் பதிவுக்கு, போக வேண்டிய தாயோ தகப்பனோ அன்றைய பெயரை, அதாவது நாட்கூலியை, இழந்து கூடப் போக வேண்டும். ஆனால் கசெட் வந்தது. 1970களின் பிற்பகுதியிலிருந்து லயத்துக்கு ஒன்றிரண்டு கசெட் ரேடியோக்கள் வந்துவிட்டன. நகரங்களில், பாட்டுகளைக் கசெட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார்கள் திறந்தன. கலைவிழா, ஒளிவிழா, தமிழ்த்தினப் போட்டி என்று வந்தபோது யாரோ ஒருவர் மேடைக்கு முன்னால் அந்தப் பெட்டியை வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். அமெரிக்கத் தகப்பன்மாருக்கு 45 சுற்றுத் தட்டு என்னவாக இருந்ததோ, நமக்கு அறுபது நிமிடக் கசெட் அதுவாக இருந்தது. ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. அவர்களிடம் ஒரு பாட்டுக்கு ஐந்நூறு பிரதிகள் இருந்தன, ஒன்றாவது தப்பியது. நம்மிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

1982ஆம் ஆண்டு, நான் ஆசிரியத் தொழிலில் சேர்ந்த புதிதில், பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் பதினொரு பிள்ளைகளைச் சேர்த்துக் கலைவிழாவுக்குப் பாட்டுப் பழக்கினேன். ஆர்மோனியம் என்னுடையது. தப்பை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் தாத்தாவிடமிருந்து வாங்கி வந்தான். தப்பைப் பாடசாலைக்குள் கொண்டுவரலாமா என்று அன்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்த சாதி எண்ணத்தை நான் அப்போதும் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. இன்னொருத்தி பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்து வைத்து இரண்டு ஈர்க்குக் கட்டால் அடித்தாள். நான்கு பாட்டுகள் பதிந்தோம். அவற்றில் ஒன்று கொழுந்து மலையில் அட்டை கடிப்பதைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களே கட்டியது. மெட்டு பிள்ளைக்காம்பரா (தோட்டக் குழந்தைக் காப்பகம்) ஆயாவின் தாலாட்டு மெட்டு, தாளம் காமன் கூத்துத் தாளம். மூன்றாவது பாட்டின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்குமேல் கேட்கவேண்டும் என்று பிள்ளைகள் கத்தியே பாடினார்கள். என் பேரன் சென்ற டிசம்பரில் தன் தொகுப்பைப் போட்டுக் காட்டிய பின், நான் இந்தக் கசெட்டைப் போட்டுக் காட்டினேன். தப்பும் தகரமும் சேரும் இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, முதல் அடியில்தான் பாரம் விழுகிறது, பாட்டி, என்றான். அதை நான் 1982இலேயே அந்தப் பையனிடம் கற்றிருந்தேன். அதற்கு உலகில் ஒரு பெயர் உண்டு என்பதுதான் தெரியாமல் இருந்தது.

அவ்வாறு பதிந்தவற்றில் என்னிடம் எஞ்சியிருப்பது இந்த ஒன்று மட்டுமே. 1980களின் இறுதியில், ஆவணப்படுத்தப் போவதாகச் சொல்லிக் கேட்ட ஒரு காரியாலயத்துக்கு ஆறு கசெட்டுகளைக் கையளித்தேன். பற்றுச்சீட்டுக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிறகு மூன்று தடவை நேரில் போனேன். அப்படியொன்றும் வந்து சேரவில்லை என்ற பதிலே கிடைத்தது. இன்னும் இரண்டு கசெட்டுகள் வீட்டிலேயே படப்பாட்டுப் பதிவதற்குப் பயன்பட்டு அழிந்தன. அது வெற்றுக் கசெட் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, உறையில் நான் எதுவும் எழுதி வைக்கவில்லை.

இந்த மண்ணில் பாட்டைத் தேடித் தொகுத்த முன்னோடி நமக்கு இருக்கிறார். மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் லயம் லயமாகக் கேட்டு எழுதிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் நூலாக வந்தன. அவர் எழுதி வைத்திராவிட்டால் அந்தச் சொற்கள் இன்று இல்லை. ஆனால் எழுத்தில் சொல் நிற்கும், குரல் நிற்காது. எந்த இடத்தில் பிள்ளை மூச்சு வாங்கினாள் என்பதை அச்சில் கொண்டுவர முடியாது. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் தொடரவேண்டிய வேலை ஒலியில்தான் இருக்கிறது; அதற்கு இன்னும் சில ஆண்டுகளே மிச்சம்.

அந்தக் கசெட்டுகள் எங்கே இருக்கக்கூடும் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். சில இன்னும் தொங்கல் வீட்டு அட்டாலியில், அதாவது லயத்தின் கோடி வீட்டுப் பரணில், தகரப் பெட்டிக்குள், பிறப்புப் பத்திரத்தோடும் பழைய கல்யாணப் படத்தோடும் இருக்கும். 1977இலும் 1983இலும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் எடுத்துச் சென்றவற்றில் போர் விட்டுவைத்தது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களோடு, தலைமன்னார்க் கப்பலில் ஏறிக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் போய்ச் சேர்ந்தவையும் இருக்கும். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட வீடுகளில் இன்றும் பொகவந்தலாவைப் பேச்சுக் கேட்கிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். தங்கள் பத்திரிகையை இணையத்தில் அங்கேயும் வாசிக்கிறார்கள் என்பதனால்தான் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

கசெட் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தயவுசெய்து உடனே பெட்டியில் போட்டு ஓடவிட வேண்டாம். நம் மலைக் குளிரிலும் ஈரத்திலும் நாடாவின் ஓரத்தில் வெள்ளைத் தூள்போலப் பூஞ்சணம் படிந்திருக்கும். அதை அப்படியே ஓடவிட்டால் நாடாவும் கெடும், அந்தப் பெட்டியில் அடுத்துப் போடும் கசெட்டுக்கும் பரவும். நாடாவைப் பெட்டியின் காந்தத் தலைமேல் அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு பல கசெட்டுகளில் உதிர்ந்திருக்கும். அப்படியானால் ஒலி மங்கிக் கேட்கும், ஆனால் பதிவு கெடவில்லை. திருகாணி உள்ள வேறொரு கசெட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிப் போட்டால் மறுபடி தெளிவாகக் கேட்கும். மேல் விளிம்பில் இரண்டு பக்கத்திலும் உள்ள சிறு பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிட்டால் எவரும் தவறுதலாக அதன்மேல் பதிய முடியாது; முதலில் அதைச் செய்யுங்கள். வெப்பமும் தூசியும் உள்ள இடத்திலும், ஒலிபெருக்கியின் காந்தத்துக்கு அருகிலும் வைக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தாளில் பெயர்களை எழுதி உள்ளே வையுங்கள். பாடியது யார், அடித்தது யார், எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்று தெரிந்த மட்டும் எழுதினால் போதும்.

தங்களிடம் நான் கேட்பது ஞாயிறு பதிப்பில் மாதம் ஒரு தடவை கால் பக்கம் மட்டுமே. கசெட் வைத்திருப்பவர்கள் அதைப் பற்றி எழுதட்டும். அடையாளம் தெரிந்தவர்கள் பெயர் சொல்லட்டும். கசெட்டை எவரும் கையளிக்க வேண்டியதில்லை, அது அவர்களுடைய வீட்டிலேயே இருக்கட்டும். பிரதி எடுத்துத் தர என் பேரனும் அவனுடைய நண்பர்கள் இருவரும் கருவிகளோடு தோட்டத்துக்கே வர இணங்கியிருக்கிறார்கள். பாடியவர்களுடைய சம்மதமின்றி ஒரு பாட்டும் வெளியே போகாது. கட்டணம் எதுவும் இல்லை.

முதலாவதாக என்னுடையதையே வைக்கிறேன். 1982ஆம் ஆண்டுக் கசெட்டில் பாடும் பதினொருவரில் எட்டுப் பேரின் பெயர் எனக்கு நினைவிருக்கிறது. அவர்களில் ஐந்து பேரைக் கண்டு பேசியும்விட்டேன். தப்படித்த பையன் இப்போது மஸ்கெலியாவில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். பெயர் தெரியாத மூவரில் ஒருத்தி மூன்றாவது பாட்டில் மழைக்குமேல் தனித்துக் கேட்கும் பெண். நான்காம் வகுப்பு, மேற்பிரிவு லயத்திலிருந்து வருவாள், இடது கன்னத்தில் அம்மைத் தழும்பு இருந்தது. பாட்டுப் பதிந்து சில மாதங்களில், கடவுச்சீட்டு வந்துவிட்டது என்று சொல்லித் தாயாரும் தகப்பனாரும் தம்பியும் அவளுமாக இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். வகுப்பேட்டில் அவள் பெயர் இருந்த பக்கம் கறையான் அரித்துப்போயிற்று. இப்போது ஐம்பதைத் தாண்டியிருப்பாள். அவளை அறிந்தவர்கள், அல்லது இதை வாசிப்பவர் அவளே என்றால், தங்கள் பத்திரிகைக் காரியாலயத்தின் ஊடாக எனக்கு ஒரு வரி எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். உறையில் எழுத அவளுடைய பெயர் வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை ஒருவர்,
பொகவந்தலாவை.